ஒரு பாடலின் மூன்று பாடங்கள்: போர்க்காலத் தணிக்கையும் மொழிபெயர்ப்பாளரும்

1. முன்னுரை

போரை எதிர்த்து எழுந்த பாடல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கருத்து வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. யார் பாடினார், எந்தப் போரை எதிர்த்துப் பாடினார், அரசு அவரை என்ன செய்தது என்னும் வினாக்களோடு ஆய்வு நின்றுவிடுகிறது. பாடலின் சொற்கள் எவ்விடத்தில், யாரால், எக்காரணம் பற்றி மாறின என்பதை ஆராய்வோர் குறைவு. ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் கண்டு மூலபாடம் தேடிய பதிப்பு மரபு தமிழில் உண்டு. அம்மரபின் கண்கொண்டு அண்மைக்காலப் பாடல் ஒன்றை நோக்கின், தணிக்கை என்பதன் இயல்பு வேறு வகையாகப் புலப்படுகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் போரிஸ் வியான் (1920–1959) இயற்றிய 'ல தெஸெர்த்தேர்' என்னும் பாடலை இக்கட்டுரை ஆராய்கிறது. 'படையைத் துறந்தவன்' என்று இப்போதைக்கு அத்தலைப்பைத் தமிழாக்கிக் கொள்ளலாம். அச்சொல்லாட்சி பொருந்துமா என்பது பின்னர் ஆராயப்படும். இப்பாடல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. ஆயின் பெயர்க்கப்பட வேண்டிய மூலம் ஒன்றன்று, மூன்று. அம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாத மொழிபெயர்ப்பாளர், தம்மை அறியாமலேயே பிறர் செய்த திருத்தத்தை ஆசிரியரின் கூற்றாகக் கொண்டு சேர்த்துவிட நேரும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. காலப் பின்னணி

2.1 பிரான்சு 1946 முதல் இந்தோசீனாவில் போர் நடத்திவந்தது. 1954 பிப்ரவரியில் வியான் இப்பாடலை எழுதினார். இசையமைப்பில் அரால்ட் பெர்க் என்பாரும் பங்குகொண்டார். அவ்வாண்டு மே 7ஆம் நாள் தியன் பியன் பூ அரண் வீழ்ந்தது. அதே நாளில்தான் பாடகர் மூலூஜி இப்பாடலை முதன்முதலாக மேடையில் பாடினார். அம்மாதத்திலேயே அவர் குரலில் இசைத்தட்டுப் பதிவும் செய்யப்பட்டது. சூலைத் திங்களில் செனீவா உடன்படிக்கை இந்தோசீனப் போரை முடித்துவைத்தது.

2.2 அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1954 நவம்பர் 1ஆம் நாள் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது. அதே நாளில்தான் புதுச்சேரி, காரைக்கால் முதலிய பிரெஞ்சுப் பகுதிகளின் ஆட்சிப் பொறுப்பு இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு பேரரசு ஓரிடத்தில் போரின்றி விலகிய நாளும் மற்றோரிடத்தில் எட்டாண்டுப் போரில் இறங்கிய நாளும் ஒன்றாக அமைந்தன. புதுச்சேரித் தமிழருள் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவில் பணியாற்றியவர்கள். ஆகவே இப்பாடல் எழுந்த சூழல் தமிழருக்கு முற்றிலும் அயலானது அன்று.

2.3 ஈண்டு ஒரு வரலாற்று நுட்பம் கருதத்தக்கது. பாடலின் நாயகன் படைக்கு வருமாறு ஆணை பெற்ற குடிமகன். ஆனால் இந்தோசீனப் போருக்குக் கட்டாயப் படைப்பணி இளைஞர்களைப் பிரான்சு அனுப்பவில்லை. தொழில்முறைப் படையினரும், அயல்நாட்டார் படையணியினரும், குடியேற்ற நாடுகளிலிருந்து திரட்டப்பட்டோருமே அங்குப் போரிட்டனர். எனவே 1954இல் இப்பாடல் கூறிய நிகழ்ச்சி அன்றைய பிரெஞ்சு இளைஞனின் நேரடி அனுபவம் அன்று. 1940இல் சிறைப்பட்ட ஏறத்தாழ 18 இலட்சம் பிரெஞ்சுப் படைவீரர்களின் நினைவே அதில் மிகுதியாகத் தங்கியிருந்தது. முன்னொரு போரில் சிறைப்பட்டு, அக்காலத்தில் மனைவியை இழந்தவனாகவே நாயகன் தன்னைக் கூறிக்கொள்கிறான். அல்ஜீரியப் போர் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. 1955, 1956 ஆண்டுகளில் பணி முடித்துத் திரும்பியோரும் மீண்டும் அழைக்கப்பட்டனர். போர் முடிவதற்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டாயப் பணி இளைஞர்கள் அங்கு அனுப்பப்பட்டனர். பாடல் கற்பனையாகக் கூறிய ஆணைக்கடிதம் இப்போது வீடுதோறும் வரத் தொடங்கியது. பாடலின் சொல் மாறவில்லை. அதன் சுட்டுப்பொருள் மாறியது.

3. பாடலின் அமைப்பு

பாடல் கடித வடிவில் அமைந்தது. ஆறசை கொண்ட குறுகிய அடிகள், எளிய பேச்சுவழக்குச் சொற்கள், ஏற்றத்தாழ்வற்ற மெல்லிய மெட்டு ஆகியன அதன் புற அமைப்பு. எழுதுவோன் குடியரசுத் தலைவரை விளித்து, படைக்கு அழைக்கும் ஆணை கிடைத்ததைத் தெரிவிக்கிறான். ஏழை மக்களைக் கொல்லத் தான் பிறக்கவில்லை என்கிறான். தந்தையும் தாயும் இறந்ததையும், உடன்பிறந்தோர் போருக்குச் சென்றதையும் எடுத்துரைக்கிறான். இனி நாட்டின் வழிகளில் இரந்து திரிந்து, பிறரையும் பணிய மறுக்குமாறு வேண்டப்போவதாகக் கூறுகிறான். இறுதியில், தன்னைப் பிடிக்க வரும் காவலர்களுக்கு எதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று தலைவருக்கே அறிவித்து முடிக்கிறான்.

கடிதத்தில் வசைமொழி இல்லை. உரத்த குரல் இல்லை. ஆணையை மறுப்பவன் மரியாதையை மறுக்கவில்லை. இம்முரணே பாடலின் ஆற்றல் எனலாம்.

4. மூன்று பாடங்கள்

4.1 பாடலுக்கு மூன்று பாடங்கள் உள்ளன. அவற்றை முறையே அ, ஆ, இ எனக் குறிப்போம். அ என்பது வியான் முதலில் எழுதிய வடிவம். ஆ என்பது 1954இல் மூலூஜி பாடியது. இ என்பது 1955இல் வியான் தாமே பாடிப் பதிவு செய்தது. வேறுபாடுகள் பல இருப்பினும் பொருளை மாற்றும் மூன்று இடங்களை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

4.2 முதலாவது, விளி. அ பாடத்தில் கடிதம் குடியரசுத் தலைவர் என்னும் பதவிக்கு எழுதப்படுகிறது. ஆ பாடத்தில் அவ்விளி நீக்கப்பட்டு, உலகோரால் பெரியோர் எனப்படுவோர் பன்மையில் விளிக்கப்படுகின்றனர். இ பாடத்தில் தலைவர் மீண்டும் இடம்பெறுகிறார். பதவிப்பெயர் ஒருவரைச் சுட்டும். அவர் பொறுப்பேற்க வேண்டும். பொதுப்பெயர் யாரையும் சுட்டாது.

4.3 இரண்டாவது, முடிவை அறிவிக்கும் இடம். அ, இ ஆகிய இரண்டிலும் நாயகன் தான் முடிவெடுத்துவிட்டதாகவும் படையைத் துறந்து செல்வதாகவும் கூறுகிறான். ஆ பாடத்தில் அதற்கு ஈடாகப் போர்கள் அறிவீனம், உலகம் அவற்றால் சலித்துவிட்டது என்னும் பொதுக்கருத்து இடம்பெறுகிறது. ஆங்கில மெய்யியலறிஞர் ஆஸ்டின் வகுத்த பேச்சுச்செயல் கோட்பாட்டின்படி நோக்கின் வேறுபாடு தெளிவாகும். முன்னது தன்னைக் கடப்பாட்டுக்கு உட்படுத்தும் செயல். பின்னது உலகைப் பற்றிய ஒரு கூற்று. முன்னதைச் சொல்பவன் அச்சொல்லாலேயே சட்டத்தின் முன் நிற்கிறான். பின்னதை எந்த அமைச்சரும் மேடையில் சொல்லலாம்.

4.4 மூன்றாவது, முடிப்பு. அ பாடத்தில் நாயகன் தன்னிடம் ஆயுதம் இருப்பதையும் சுடத் தெரிந்திருப்பதையும் காவலர்க்கு அறிவிக்கச் சொல்கிறான். ஆ, இ ஆகிய இரண்டிலும் அவன் ஆயுதமின்றி இருப்பான். சுடுவதாயின் காவலரே சுடலாம். போரை மறுப்பவன் கையில் துப்பாக்கி இருத்தல் முரண் என்று மூலூஜி எடுத்துக்கூற, வியான் அதனை ஏற்றார்.

4.5 இம்மூன்றையும் ஒப்பிடின் ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஆசிரியர் தாமே பாடியபோது விளியையும் முடிவறிவிப்பையும் மீட்டார். முடிப்பை மட்டும் மீட்கவில்லை. ஆகவே பாடத்தில் நேர்ந்த மாற்றங்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்து 'தணிக்கையின் விளைவு' எனல் பொருந்தாது. ஒரு மாற்றம் விவாதத்தால் விளைந்தது. அது ஆசிரியரின் உடைமையாயிற்று. மற்றவை மேடைக்காகவும் சூழலுக்காகவும் ஒப்புக்கொள்ளப்பட்டவை. ஆயுதமேந்திய முடிப்பே உண்மையானது, மற்றது அச்சத்தால் வந்தது என்று சிலர் கருதுவதற்கும், ஆயுதமற்ற முடிப்பே பாடலின் தொடக்க வடிவம் என்று வேறு சிலர் கருதுவதற்கும் இவ்வேறுபாட்டை அறியாமையே காரணம்.

5. தணிக்கை எதைப் படித்தது?

5.1 1955 சனவரியில் பாரிசு நகரமன்ற உறுப்பினர் போல் ஃபபேர், இப்பாடல் வானொலியில் ஒலிபரப்பாவதை எதிர்த்து, அதனைத் தடைசெய்யுமாறு மாவட்ட ஆட்சித் தலைவரிடம் முறையிட்டார். போரில் பங்குகொண்டோரை அது இழிவுபடுத்துகிறது என்பது குற்றச்சாட்டு. பாடல் அரசு வானொலியிலிருந்து விலக்கப்பட்டது. அல்ஜீரியப் போர் முடிவுற்ற 1962 வரை அவ்விலக்கு நீடித்தது.

அவ்வேளையில் இசைத்தட்டாக வெளிவந்திருந்தது ஆ பாடமே என்பது குறிப்பிடத்தக்கது. தலைவரின் பெயர் நீங்கியது, முடிவறிவிப்பு நீங்கியது, ஆயுதமும் நீங்கியது. அவ்வாறு தணிந்த பாடத்திற்கே தடை வந்தது. சொற்களை மென்மையாக்குவது பாடலைக் காக்கவில்லை. தணிக்கையாளர் படித்தது அடிகளை அன்று. தலைப்பையும் அது பாடப்பட்ட காலத்தையும்தான். இதனை அறியாத திருத்தம் ஆசிரியருக்கு இழப்பையே தரும், பாதுகாப்பைத் தராது.

5.2 வியான் ஃபபேருக்குத் திறந்த மடல் ஒன்றை எழுதினார். தம் பாடல் படைவீரர்க்கு எதிரானது அன்று, குடிமக்கள் பக்கம் நிற்பது என்பது அதன் மையக்கருத்து. 'முன்னாள் போர்வீரர்' என்னும் தொடரையே அவர் ஆய்வுக்கு உட்படுத்தினார். போரிட்டதைப் பெருமையாகக் கொள்வதற்கன்றி வருந்துவதற்கே அத்தொடர் இடம்தர வேண்டும் என்றும், போரை வெறுக்கும் தகுதி அதனைக் கண்டவர்க்கே மிகுதி என்றும் வாதிட்டார். தடைக்கு எதிரான வழக்கை அவர் ஒரு சொல்லின் பொருள்மேல் நடத்தினார் என்பது மொழியியலார் கருதத்தக்க செய்தி. அவ்வாண்டுக் கோடையில் பிரெஞ்சுக் கடற்கரை நகரங்களில் அவர் பாடியபோது எதிர்ப்பு எழுந்தது. தினார் நகரில் நகரத்தலைவரே எதிர்ப்பாளர்களோடு நின்றார்.

5.3 அல்ஜீரியப் போர்க்காலத்தில் தணிக்கை மற்றொரு வடிவம் கொண்டது. அங்கு நடப்பதைப் 'போர்' என்று அழைக்க அரசு உடன்படவில்லை. 'நிகழ்ச்சிகள்', 'ஒழுங்கு காக்கும் நடவடிக்கைகள்', 'அமைதிப்படுத்தல்' என்பனவே அலுவல் வழக்கு. அல்ஜீரியா பிரான்சின் பகுதி எனக் கொள்ளப்பட்டமையால், தன் நாட்டின் ஒரு பகுதியோடு ஒரு நாடு போரிட இயலாது என்பது அதன் உட்கிடை. இந்நிலையில், போருக்குச் செல்லேன் என்று கூறும் பாடல் ஒரே நேரத்தில் இரண்டு மறுப்புகளைச் செய்தது. ஒன்று, படையாணையை மறுத்தது. மற்றொன்று, அரசின் சொற்பட்டியலை மறுத்தது. நடப்பது போர் என்று ஒப்புக்கொள்ளாமல் அப்பாடலைத் தடைசெய்வதற்குக்கூட அரசுக்குச் சொல் இல்லை.

1960 செப்டம்பரில் 121 எழுத்தாளர்களும் அறிஞர்களும் கலைஞர்களும் வெளியிட்ட அறிக்கை, தன் தலைப்பிலேயே 'அல்ஜீரியப் போர்' என்னும் தொடரை ஆண்டது. ஒப்பமிட்டோர் அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றலாகாது என விலக்கப்பட்டனர். வியான் அதற்கு முன்னரே, 1959 சூன் 23இல் காலமானார். பிரெஞ்சு நாடாளுமன்றம் 1999 அக்டோபர் 18ஆம் நாள் இயற்றிய சட்டத்தால்தான் 'அல்ஜீரியப் போர்' என்னும் பெயர் அலுவல் ஏற்புப் பெற்றது. அதே ஆண்டு மே 8ஆம் நாள் நிகழ்ச்சியில் மாணவரைக் கொண்டு இப்பாடலைப் பாடச்செய்தமைக்காக நடுப் பிரான்சில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். சொல்லுக்கு விடுதலை கிடைத்த ஆண்டிலும் பாடலுக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை.

6. மொழிபெயர்ப்பாளர் வேடம்

வியானுக்கும் தணிக்கைக்கும் இடையிலான உறவு இப்பாடலோடு தொடங்கியது அன்று. 1946இல் அவர் ஒரு புதினத்தை வெளியிட்டார். அது வெர்னன் சல்லிவன் என்னும் அமெரிக்கர் எழுதியது என்றும், தாம் அதன் மொழிபெயர்ப்பாளர் மட்டுமே என்றும் அறிவித்தார். சல்லிவன் என்று ஒருவர் இலர். ஒழுக்கக்கேடு என்னும் குற்றச்சாட்டு எழுந்தபோது, இல்லாத மூலத்தை உண்டாக்க வேண்டி 1948இல் அதன் ஆங்கில வடிவம் ஒன்றும் வெளியிடப்பட்டது. 1949இல் நூல் தடைசெய்யப்பட்டது. 1950இல் வியானுக்கு ஓர் இலட்சம் பிராங்கு தண்டம் விதிக்கப்பட்டது.

மொழிபெயர்ப்பாளர் என்னும் பெயர் ஒரு மறைப்பாகப் பயன்பட்டதற்கு இது சான்று. தாம் சொல்லவில்லை, பிறர் சொன்னதைப் பெயர்த்தோம் என்பது அம்மறைப்பின் பொருள். அதே எழுத்தாளர் எட்டாண்டுகள் கழித்து எழுதிய பாடலில் மறைப்பு எதுவும் இல்லை. தன்மை ஒருமையில், முன்னிலையில் நிற்பவரின் பதவியைச் சுட்டி, கடித வடிவில் எழுதினார். விளியை மாற்றிய ஆ பாடத்தை அவர் தம் குரலில் ஏற்காமைக்கு இவ்வேறுபாடே காரணம் எனக் கருத இடமுண்டு.

பாடலின் பயணத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்கப் பாடகர் குழுவினரான பீட்டர், பால், மேரி ஆகியோர் 1964இல் வெளியிட்ட இசைத்தட்டில் இப்பாடலை ஆங்கிலமாக்காமல் பிரெஞ்சிலேயே பாடினர். பிரான்சு விட்டுச்சென்ற வியட்நாமில் அமெரிக்கா போரில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. பெயர்க்காமல் விடுதலும் ஒரு மொழிபெயர்ப்பு முடிவே என்பதற்கு இது எடுத்துக்காட்டு. கேட்போருள் பலர்க்குச் சொல் விளங்காது. ஆயின் ஒரு நாட்டின் போர் முடிந்த இடத்தில் மற்றொரு நாட்டின் போர் தொடங்குகிறது என்பதை அம்மொழியே உணர்த்தும்.

7. தமிழாக்கச் சிக்கல்கள்

7.1 தலைப்பு. பிரெஞ்சுப் படைச்சட்டம் இரண்டு குற்றங்களை வேறுபடுத்துகிறது. படையில் இருந்தவன் விட்டு நீங்குதல் ஒன்று. அழைப்பு வந்தும் சேராதிருத்தல் மற்றொன்று. பாடலின் நாயகன் செய்வது பின்னது; 121 பேர் அறிக்கை ஆண்ட சட்டச்சொல்லும் பின்னதைக் குறிப்பதே. ஆயின் வியான் தலைப்பாகக் கொண்டது முன்னதை, அதாவது இழிவு மிகுந்த சொல்லை. சட்ட நுட்பம் கருதி 'அழைப்பை ஏற்காதவன்' என்று திருத்தினால் அவ்விழிவை அவன் விரும்பி ஏற்கும் துணிவு மறைந்துவிடும்.

தமிழில் 'ஓடியவன்', 'தப்பியோடி' என்னும் சொற்கள் கோழைமையைக் குறிப்பன. புறமுதுகிடுதலைப் பெரும்பழியாகக் கருதிய புறத்திணை மரபு அச்சொற்களின் பின் நிற்கிறது. 'துறந்தவன்' என்பதோ துறவின் உயர்வைத் தாங்கி, இழிவை முற்றும் நீக்கிவிடுகிறது. முன்னது மிகை, பின்னது குறை. 'படையை விட்டவன்' என்பது இரண்டிற்கும் நடுவே நிற்பது. அழகில் குறைந்தாலும் அதுவே மூலத்திற்கு நெருக்கமானது என்பது இக்கட்டுரையாசிரியர் கருத்து.

7.2 விளி. 'மாண்புமிகு' எனின் அங்கதமாகிவிடும். 'நீ' எனின் மேடைமுழக்கமாகிவிடும். மூலத்தில் உள்ளது ஓர் எளிய குடிமகன் அலுவலகத்திற்கு எழுதும் இயல்பான மரியாதை. 'ஐயா' என்பதும் 'நீங்கள்' என்பதும் அம்மரியாதையைத் தாங்கும். புலவர் வள்ளலுக்கு எழுதிய சீட்டுக்கவி தமிழில் உண்டு. வேண்டுதல் அதன் இயல்பு. இங்கு வடிவம் வேண்டுதலாகவும் உள்ளடக்கம் மறுத்தலாகவும் இருத்தலை மொழிபெயர்ப்பாளர் காட்ட வேண்டும்.

7.3 யாப்பு. பாட வேண்டிய மொழிபெயர்ப்பாயின் ஆறசை அடிக்கு ஈடாகச் சிந்து வகையே பொருந்தும். தன் கதையைத் தானே கூறும் நொண்டி நாடக மரபு சிந்தில் அமைந்தது என்பதும் துணை நிற்கிறது. எனினும் அந்நாடகத்தின் நகைச்சுவை இங்குப் புகுதலாகாது.

7.4 பாடத்தேர்வு. இதுவே முதன்மையானது. மூன்று பாடங்களில் எதனைப் பெயர்த்தோம் என்பதை மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் அறிவிக்க வேண்டும். அ பாடத்தின் முடிப்பையும் ஆ பாடத்தின் விளியையும் கலந்து நான்காவது பாடம் ஒன்றை உண்டாக்குதல் தவறு. அவ்வாறு செய்யின், யாரும் எழுதாத பாடலுக்கு வியான் ஆசிரியர் ஆகிவிடுவார். சல்லிவன் வரலாறு தலைகீழாக மீண்டும் நிகழ்ந்ததாகும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, போர்க்காலத்தில் பாடலின் பொருளை அதன் சொற்கள் மட்டும் உறுதி செய்வதில்லை. பாடப்படும் காலம் அதற்குப் புதிய சுட்டுப்பொருளைத் தருகிறது. இரண்டு, பாடத்தின் மாற்றங்கள் அனைத்தும் தணிக்கையால் விளைந்தன அல்ல. ஆசிரியர் எதை மீட்டார், எதை மீட்கவில்லை என்பதே வேறுபடுத்திக் காட்டும் அளவுகோல். மூன்று, ஆட்சியாளர் ஒரு சொல்லை வழங்க மறுக்கும்போது அச்சொல்லை இயல்பாக வழங்குதலே எதிர்ப்பாகிவிடுகிறது.

மூன்றாவது கருத்து மொழிபெயர்ப்பாளர்க்கு நேரடியாகப் பொருந்தும். போர் நடக்கும் நாடுகளின் அறிக்கைகளையும் செய்திகளையும் பெயர்ப்போர் 'நடவடிக்கை' என்பதா 'போர்' என்பதா என்னும் தெரிவை அன்றாடம் எதிர்கொள்கின்றனர். மூலத்தில் உள்ளதையே பெயர்த்தோம் என்பது எப்போதும் போதிய விடையாகாது. மூலமே தணிக்கைக்கு உட்பட்டதா என்று முதலில் காண வேண்டும். ஏடுகளைத் தேடி, பாடங்களை ஒப்பிட்டு, வேறுபாட்டை அடிக்குறிப்பில் அறிவித்த பதிப்பாசிரியர்களின் நெறி இதற்கும் போதுமான வழிகாட்டி.